வரையாமல் எழுதப்படும் வரைபடம்: பளைச் சந்தியில் ஒரு கணிதப் பாடம்

2014 ஆம் ஆண்டு மார்ச் 4 ஆம் திகதி பளைப் புகையிரத நிலையத்துக்கு மீண்டும் புகையிரதம் வந்து சேர்ந்தது. 1990 ஜூன் மாதத்தில் நின்றுபோன சேவை, ஏறத்தாழ 24 ஆண்டுகளின் பின்னர் அந்த மண்ணைத் தொட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 13 ஆம் திகதி பாதை யாழ்ப்பாணம் வரை நீண்டது. இடைப்பட்ட ஏழு மாதங்களுக்கு மேலான காலத்தில் பளையே கடைசி நிலையமாக இருந்தது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் அங்கே இறங்கி, பஸ் வண்டிகளில் ஏறி யாழ்ப்பாணம் சென்றார்கள்.

இந்த வரலாற்றை நான்கு பக்கக் கட்டுரையாக எழுதலாம். ஒரு கணித ஆசிரியரோ இதனைச் சில புள்ளிகளாலும் சில கோடுகளாலும் கரும்பலகையில் காட்டிவிடுவார். அந்தப் படத்தைக் கையால் வரையாமல், எலியை இழுத்தும் வரையாமல், சில வரிகளாக எழுதியே அச்சுத் தாளில் கொண்டுவர முடியும் என்பதையும், அது தமிழ் மொழிமூல மாணவருக்கு ஏன் முக்கியமானது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புள்ளிகளும் கோடுகளும்

நமது பாடசாலைகளில் ‘வரைபு’ என்றதும் எக்ஸ் அச்சும் வை அச்சும் கொண்ட கோட்டுத் தாளே மாணவரின் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது அதுவல்ல. பொருள்களைப் புள்ளிகளாகவும், அவற்றிடையே உள்ள தொடர்புகளைக் கோடுகளாகவும் காட்டும் வேறொரு வரைபு இது. தமிழ்நாட்டில் இதனைக் ‘கோட்டுரு’ என்றும் எழுதுவர். புள்ளியைக் கணு என்றும், கோட்டை விளிம்பு என்றும், ஒரு கணுவில் வந்து சேரும் விளிம்புகளின் எண்ணிக்கையை அக்கணுவின் படி என்றும் அழைப்போம்.

இத்துறை ஒரு வீதிப் பிரச்சினையிலிருந்தே பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. கொனிக்ஸ்பேர்க் நகரில் ஆற்றின் மீது ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை மட்டும் கடந்து நகரைச் சுற்றிவர இயலுமா என்ற கேள்விக்கு, 1736 இல் லெயோனார்ட் ஒயிலர் என்ற கணித அறிஞர் இயலாது என விடை கூறினார். பாலத்தின் நீளமும் ஆற்றின் வளைவும் அவருக்குத் தேவைப்படவில்லை. எது எதனோடு இணைந்துள்ளது என்பது மட்டுமே போதுமானதாயிருந்தது. நான்கு நிலப்பகுதிகளிலும் ஒற்றை எண்ணிக்கையில் பாலங்கள் வந்து சேர்ந்தமையே தடையாக அமைந்தது.

இதே கண்ணோடு நமது புகையிரதப் பாதையைப் பார்ப்போம். கொழும்பு, பொல்கஹவெல, மாகோ, கல்ஓயா, திருகோணமலை, மட்டக்களப்பு, அநுராதபுரம், மதவாச்சி, தலைமன்னார், வவுனியா, கிளிநொச்சி, பளை, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை என 14 கணுக்களை எடுத்துக்கொள்வோம். கண்டிக்கும் மாத்தறைக்கும் புத்தளத்துக்கும் செல்லும் பாதைகளை எளிமைக்காக விட்டுவிடுவோம். மாகோவில் பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று வடக்கு நோக்கியும் மற்றையது கிழக்கு நோக்கியும் செல்கிறது. கல்ஓயாவில் திருகோணமலைப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் பிரிகின்றன. மதவாச்சியில் தலைமன்னார்ப் பாதை பிரிகிறது. மொத்தம் 13 விளிம்புகள் உள்ளன.

கணுக்கள் 14, விளிம்புகள் 13. எங்கும் சுற்று இல்லை. இத்தகைய வரைபை ‘மரம்’ என்பர். படி ஒன்றாக உள்ள கணு ‘இலை’ எனப்படும். காங்கேசன்துறை, தலைமன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு, கொழும்பு ஆகிய ஐந்தும் இந்தப் படத்தின் இலைகள். 2014 மார்ச் முதல் ஒக்டோபர் வரை பளையும் ஓர் இலையாகவே இருந்தது. பின்னர் அதன் படி இரண்டாயிற்று. மரத்தில் எந்த விளிம்பை நீக்கினாலும் மரம் இரண்டு துண்டாகும். வடக்கில் பாதையின் ஓரிடம் அறுந்தபோதெல்லாம் அதற்கு அப்பாலுள்ள ஊர்கள் அனைத்தும் புகையிரதத்தை இழந்தமைக்கான கணித விளக்கம் இதுவேயாகும்.

கணினிக்கு எழுதிக் கொடுக்கும் படம்

இனி, பளையில் ஓர் ஆசிரியர் இப்படத்தைத் தவணைப் பரீட்சை வினாத்தாளில் சேர்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன நடைபெறும்? ஆசிரியர் கையால் வரைந்து ஒட்டுவார். அல்லது ஆவணம் தட்டச்சும் மென்பொருளில் வட்டங்களையும் கோடுகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பொருத்துவார். ஒரு சொல்லைத் திருத்தினால் படம் அடுத்த பக்கத்துக்குத் தாவும். வட்டம் ஒருபுறமும் கோடு மறுபுறமும் நிற்கும். பிரதி எடுக்கும்போது எழுத்து மங்கும். அடுத்த ஆண்டு மற்றோர் ஆசிரியருக்கு அதே படம் தேவைப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கு மாற்றான வழி, படத்தை ஒரு வாசகமாக எழுதுவதாகும். அவ்வாசகத்தின் கருத்தைத் தமிழில் சொன்னால் இவ்வாறு அமையும்:

பளை என்னும் கணுவை வை.
பளைக்குக் கீழே கிளிநொச்சி என்னும் கணுவை வை.
பளைக்கு மேலே, இடப்பக்கமாக, யாழ்ப்பாணம் என்னும் கணுவை வை.
கிளிநொச்சியிலிருந்து பளைக்குக் கோடு வரை.
பளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கோடு வரை.

உண்மையான கட்டளைகள் ஆங்கிலச் சொற்களாலும் அடைப்புக்குறிகளாலும் ஆனவை. ஒவ்வொரு கட்டளையும் அரைப்புள்ளியில் முடியவேண்டும். ஆனால் அவற்றின் உள்ளடக்கம் மேலே உள்ளதுதான். கணினி அதைப் படித்து, கோடுகள் வட்டங்களின் ஓரத்தில் சரியாகத் தொட்டு நிற்கும்படி படத்தை அமைத்துத் தரும். எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் கோடு மங்காது. படத்திலுள்ள எழுத்தும் வினாத்தாளின் எழுத்தும் ஒன்றாகவே இருக்கும்.

இந்த ஏற்பாட்டின் அடித்தளம் ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள். அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் நூத், 1977 இல் தமது நூலொன்றின் புதிய பதிப்புக்கான அச்சுப் படிகளைப் பார்த்து, கணிதக் குறியீடுகளின் அழகின்மையால் மனம் வருந்தி, தாமே ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார். அதனை அவர் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டுவிட்டார். அம்மென்பொருள் திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் அதன் பதிப்பு எண்ணில் ‘பை’ என்னும் கணித மாறிலியின் அடுத்த இலக்கம் சேர்க்கப்படுகிறது. அதன் மேல் 1980 களில் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய ‘லாடெக்’ இன்று உலகெங்கும் கணித ஆய்வாளரின் பொது மொழியாகிவிட்டது.

படம் வரையும் பகுதியை ஜெர்மனியைச் சேர்ந்த டில் டன்டாவ் உருவாக்கினார். அதன் பெயர் ‘டிக்ஸ்’. ‘டிக்ஸ் ஒரு வரையும் மென்பொருள் அன்று’ என்னும் பொருள்தரும் ஜெர்மன் வாக்கியத்தின் முதலெழுத்துகளே அப்பெயர். பெயரிலேயே அதன் கொள்கை அடங்கியிருக்கிறது. எங்கே கையை வைத்து இழுப்பது என்று அது கேட்பதில்லை. நீங்கள் சொல்ல விரும்புவது என்ன என்றே கேட்கிறது.

உருவத்தை விதியாக எழுதிவைப்பது நமக்குப் புதியதன்று. தாம்பரத்திலுள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர், கமலா கிருதிவாசனுடன் இணைந்து, நமது வாசல்களில் போடப்படும் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதமுடியும் என்பதை 1974 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். புள்ளிகளை வைத்து, சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் கோலம் தானே பெருகும். இஸ்தான்புல் தொப்காபி அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படும் பழைய சுருள் ஒன்றில், இஸ்லாமியக் கட்டடக் கலைக்குரிய 114 வடிவங்கள் உள்ளன. முடிந்த அலங்காரத்தோடு அதை அமைக்கும் அடிப்படைக் கோடுகளும் அதில் பதியப்பட்டிருக்கின்றன. படிமுறைத் தீர்வுக்கு உலக மொழிகளில் வழங்கும் ‘அல்கோரிதம்’ என்ற சொல்லே, ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்ததாகும். ஆகவே கோலம் போடும் வீட்டுக்கும், பள்ளிவாசல் அலங்காரத்தைப் பார்த்து வளர்ந்த வீட்டுக்கும் இக்கலை அந்நியமானதன்று.

இடத்தைக் கணினியே தேடுதல்

மேலே தந்த வாசகத்தில் எந்தக் கணு எங்கே நிற்கவேண்டும் என்பதை நாமே சொன்னோம். ஐந்தாறு கணுக்களுக்கு அது போதும். ஐம்பது கணுக்கள் வந்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் படம் சிக்கலாகிவிடும். அப்போது தொடர்புகளை மட்டும் எழுதிக்கொடுத்து, இடங்களைக் கணினியே தீர்மானிக்க விடலாம்.

அதற்கான முறைகள் பல. 1984 இல் பீட்டர் ஈட்ஸ் முன்வைத்த முறையில் ஒவ்வொரு விளிம்பும் ஒரு சுருளிவில்லாகக் கருதப்படுகிறது. இணைந்த கணுக்கள் ஒன்றையொன்று இழுக்கும், இணையாதவை தள்ளும். இழுப்பும் தள்ளலும் சமநிலை அடையும் இடத்தில் கணுக்கள் நிற்கும். மேலதிகாரி, கீழ்நிலை அலுவலர் என்பது போன்ற வரிசை உள்ள தொடர்புகளுக்கு, 1981 இல் சுகியாமா என்னும் ஜப்பானியரும் அவரது குழுவினரும் வகுத்த அடுக்கு முறை பொருத்தமானது. 2013 இறுதியில் வெளிவந்த டிக்ஸின் மூன்றாம் பதிப்பில் இத்தகைய முறைகள் சேர்க்கப்பட்டன. அவை ‘லூவாடெக்’ என்னும் டெக் வகையுடன் இயங்குகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கணினி அமைக்கும் படத்தில் தூரத்துக்குப் பொருள் இல்லை. பளையும் கிளிநொச்சியும் தாளில் ஓர் அங்குல இடைவெளியில் நிற்பதும், மாகோவும் அநுராதபுரமும் அதே இடைவெளியில் நிற்பதும் உண்மையான மைல் கணக்கைக் காட்டமாட்டா. நிலப்படத்தை வாசிப்பதுபோல் இதனை வாசிக்கக்கூடாது என்பதை மாணவருக்கு முதல் நாளே சொல்லிவிடவேண்டும்.

எது பாலம்?

பளையைச் சுற்றியுள்ள வீதிகள் இவ்விடயத்தில் ஓர் அரிய பாடத்தைத் தருகின்றன. பச்சிலைப்பள்ளிப் பிரதேசத்தைச் சேர்ந்த பளை, நிருவாகத்தால் கிளிநொச்சி மாவட்டம். நிலத்தோற்றத்தாலோ குடாநாட்டின் கழுத்து. பிரதான வீதிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். பரந்தன், ஆனையிறவு, பளை, சாவகச்சேரி, நாவற்குழி, யாழ்ப்பாணம் என்பன ஏ-9 வீதியில் வரிசையாக உள்ளன. பரந்தனிலிருந்து பூநகரிக்கு ஒரு வீதி செல்கிறது. கணுக்கள் ஏழு, விளிம்புகள் ஆறு. இதுவும் ஒரு மரமே.

நீக்கினால் வரைபைத் துண்டாக்கும் விளிம்பைக் கணிதத்தில் ‘பாலம்’ என்று அழைப்பர். மேற்கூறிய மரத்தில் ஆனையிறவையும் பளையையும் இணைக்கும் விளிம்பு அத்தகைய பாலமாகும். 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது இதன் பொருளைக் குடாநாட்டு மக்கள் தமது சமையலறைகளிலேயே உணர்ந்தார்கள். தரைவழி ஒன்றுதான் என்பதால், கடலையும் ஆகாயத்தையும் நம்பியிருக்க நேர்ந்தது.

2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது. பூநகரிக்கும் நாவற்குழிக்கும் இடையில் ஏ-32 வீதி வழியாகப் புதிய விளிம்பு ஒன்று கிடைத்தது. வாசகத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும், படத்தில் ஒரு சுற்று தோன்றும்: பரந்தன், ஆனையிறவு, பளை, சாவகச்சேரி, நாவற்குழி, பூநகரி, மீண்டும் பரந்தன். இப்போது அந்தச் சுற்றில் எந்த ஒரு விளிம்பை நீக்கினாலும் ஊர்கள் துண்டாவதில்லை. அதாவது, கடலின் மேல் உண்மையான பாலம் ஒன்று எழுந்ததும், ஆனையிறவு வீதி கணிதப் பொருளில் ‘பாலமாக’ இருப்பது ஒழிந்தது. நாவற்குழிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட விளிம்போ இந்தச் சிறு படத்தில் இன்னும் பாலமாகவே இருக்கிறது.

புகையிரதப் பாதைக்கு இத்தகைய இரண்டாம் வழி இல்லை. எந்த வீதியை முதலில் திருத்துவது, எங்கே வைத்தியசாலை அமைப்பது, வெள்ளம் வந்தால் எந்தக் கிராமம் முதலில் துண்டிக்கப்படும் என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த எளிய படமே தொடக்கமாகும். தமது ஊரின் வீதிகளை வரைபாக எழுதிப் பார்க்கத் தெரிந்த மாணவன், பிற்காலத்தில் பிரதேச சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று ஆதாரத்தோடு பேசவும் வல்லவனாவான்.

தமிழ் எழுத்தின் நிலை

இவையெல்லாம் ஆங்கிலத்துக்கு மட்டுமே பொருந்துமோ என்ற ஐயம் வாசகர்களுக்கு எழலாம். ஒரு காலத்தில் அவ்வாறே இருந்தது. பழைய டெக் மென்பொருள் ஓர் எழுத்துருவில் 256 குறிகளுக்கு மேல் ஏற்காது. நமது நாட்டிலோ பாமினி போன்ற எழுத்துருக்களே பரவலாக வழங்கின. அவற்றில் தட்டச்சிட்டது, வேறொரு எழுத்துருவில் பொருளற்ற குறிகளாக மாறிவிடும். 2004 இல் ஜொனதன் கியூ ‘ஸீடெக்’ என்னும் வகையை வெளியிட்டதும் நிலைமை மாறத் தொடங்கியது. யுனிகோட் தமிழை அது நேரடியாக ஏற்கிறது. ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பும் காலும் இருபுறமும் சரியாக அமைகின்றன. லதா, லோகித், நோட்டோ போன்ற எழுத்துருக்களில் ஒன்றைக் குறிப்பிட்டால் போதுமானது.

இதனால் மற்றொரு நன்மையும் உண்டு. கணுவின் உட்பெயர் வேறு, தாளில் தோன்றும் பெயர் வேறு. உட்பெயரைத் தொடாமல், தோன்றும் பெயரை மட்டும் மாற்றினால் அதே படம் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் வெளிவரும். படத்தை மறுபடி வரையும்போது ஒரு கோடு விடுபட்டுப்போவது, ஒரு குறி இடம்மாறுவது போன்ற தவறுகளுக்கு அங்கே இடமில்லை. வினாத்தாளில் ஒரு கோடு பிழைத்தால் மாணவனின் புள்ளியும் பிழைக்கும் என்பதை ஆசிரியர் அறிவர். முக்கோணி, வட்டம் பற்றிய சாதாரண தரக் கேத்திரகணிதப் படங்களையும், உயர்தர இணைந்த கணிதத்தின் கப்பி, விசைப் படங்களையும் இதே முறையில் எழுதலாம்.

குறைகளையும் சொல்லவேண்டும். ஓர் அடைப்புக்குறி விடுபட்டால் முழுப்படமும் நின்றுவிடும். பிழைச் செய்திகள் ஆங்கிலத்திலேயே வரும். முழு மென்பொருள் தொகுதி கணினியில் பல கிகாபைட் இடத்தைப் பிடிக்கும். எனினும் தேவையானதை மட்டும் நிறுவும் சிறிய தொகுதிகளும், இணையத்திலேயே எழுதும் வசதிகளும் உள்ளன. ஒரே ஒரு படம், ஒரே ஒரு நாளுக்குத் தேவையெனில் பென்சிலும் அடிமட்டமுமே விரைவானவை. மீண்டும் மீண்டும் தேவைப்படும் படத்துக்கே எழுதும் முறை பயன்தரும்.

செய்யவேண்டியது

இந்தியாவில் சென்னை, புதுச்சேரி, திருவனந்தபுரம் ஆகிய நகரங்களில் உலகின் கணித, விஞ்ஞான இதழ்களை அச்சுக்கோக்கும் தொழில் வளர்ந்திருக்கிறது. உலக டெக் பயனாளரின் 2002 ஆம் ஆண்டு மாநாடு திருவனந்தபுரத்திலேயே நடைபெற்றது. ஒரு கணினியும் மின்சாரமும் பொறுமையும் உள்ள இளைஞருக்கு இது ஒரு தொழிலாகவும் அமையும் என்பதற்கு அந்நகரங்களே சான்று.

நம்மிடமும் வாய்ப்புகள் இல்லாமலில்லை. பளைக்குத் தெற்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. கிழக்கே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. இங்குள்ள மாணவர்கள் தமது ஆய்வேடுகளுக்காகக் கற்கும் இம்முறையை, விடுமுறையில் அயற் பாடசாலைகளின் கணித ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சியாக வழங்கலாம். ஆசிரியர் ஒவ்வொருவரும் தாம் எழுதிய பத்துப் படங்களைப் பொதுவில் சேர்த்தால், ஒரு கல்வி வலயத்திலேயே சில ஆண்டுகளில் ஒரு களஞ்சியம் உருவாகிவிடும். பளை ஆசிரியர் எழுதிய படத்தை மூதூர் ஆசிரியரும், முசலி ஆசிரியர் எழுதியதைப் பளை ஆசிரியரும் ஒரு சொல்லை மாற்றிப் பயன்படுத்தலாம்.

வடக்கு, கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு புத்தகங்களையும், குறிப்பேடுகளையும், பாடசாலைப் பதிவேடுகளையும் இழந்தார்கள். கைப்படம் ஒன்று எரிந்தால் அதோடு போயிற்று. சில வரிகளாக எழுதப்பட்ட படமோ ஒரு குறுஞ்செய்தி அளவே ஆனது. பத்துப் பேரின் கையில் அதன் பிரதி இருந்தால், எங்கிருந்தும் அதே படத்தை, அதே அளவில், ஒரு கோடும் பிசகாமல் மீண்டும் வரவழைக்கலாம். 1990 இல் பளையிலிருந்து நீக்கப்பட்ட விளிம்புகளை மீளச் சேர்க்க 24 ஆண்டுகள் சென்றன. வினாத்தாளில் விடுபட்ட விளிம்பைச் சேர்க்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதக் கற்றுக்கொடுப்பதை நாம் இனியும் தள்ளிப்போடலாகாது.